எதைப் பார்ப்பது என்று கேமராவே சொல்லட்டும்

தொழிற்சாலையில் ஒரு கேமராவைப் பொருத்துவது பெரிய வேலையே இல்லை. தாங்கியை முடுக்கி, லென்ஸைத் திருகி, கேபிளைச் செருகினால் திரையில் படம் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் பாடு. பெல்ட்டில் ஓடுவதில் போல்ட் எது, அதன் நிழல் எது, பெல்ட்டில் படிந்த எண்ணெய்க் கறை எது என்று ஒருவர் உட்கார்ந்து அந்தக் கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். படத்தின் மேல் மவுஸால் கட்டம் வரைந்து, இதற்குள் மட்டும் பார் என்பார். இந்த வெளிச்சத்துக்குக் கீழே இருப்பது பொருள், மேலே இருப்பது பின்னணி என்று ஓர் எண்ணைக் கொடுப்பார். இத்தனை பிக்சலுக்குக் குறைந்தால் அது தூசி, தள்ளிவிடு என்பார். மாலையில் ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழும்போது அவர் வைத்த எண்கள் எல்லாம் பொய்த்துப்போகும். மறுநாள் மறுபடி உட்காருவார். அடுத்த மாதம் வேறு அளவு போல்ட் வந்தால் முதலிலிருந்து தொடங்குவார்.

கேமராவின் விலை இறங்கிவிட்டது. கணக்கிடும் சில்லின் விலையும் இறங்கிவிட்டது. இறங்காமல் நிற்பது இந்தச் சொல்லிக்கொடுக்கும் வேலையின் கூலி. ஒரே பொருளை ஆண்டு முழுக்க லட்சக்கணக்கில் செய்யும் பெரிய ஆலைக்கு அது ஒரு பொருட்டில்லை. வாரத்துக்கு நான்கு வகை உருப்படி செய்யும் சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. அங்கே இன்றும் குனிந்து பார்த்துப் பொறுக்குவது மனிதக் கண்தான். ஆகவே, படத்தில் இருக்கும் பொருள்களைக் கேமரா தானாகவே கண்டுபிடித்து, 'இவையெல்லாம் இருக்கின்றன, எது வேண்டும்?' என்று கேட்கும்படி செய்வதை நான் வெறும் வசதியாகப் பார்க்கவில்லை. இந்தத் தொழில்நுட்பம் யார் கைக்கு எட்டும் என்பதைத் தீர்மானிப்பதே அதுதான்.

அந்தப் பாதையில் முதலில் விலக வேண்டிய தடை, கையால் வைக்கும் எண். உற்பத்தி லைனில் 'திரெஷோல்ட்' என்று சொல்லப்படும் எல்லை மதிப்பு. 1979இல் ஜப்பானியரான நொபுயுகி ஒட்சு ஐந்தே பக்கத்தில் எழுதிய கட்டுரை, அந்த எண்ணைப் படத்திலிருந்தே கணக்கிட்டு எடுக்கலாம் என்று காட்டியது. இன்றும் உலகெங்கும் ஓடும் பட மென்பொருள்களில் அந்த முறை இருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச மதிப்பு உண்டு. எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்று எண்ணி வரைபடமாகப் போட்டால், வெளிர் நிறப் பெல்ட்டில் கிடக்கும் கருத்த போல்ட்டுக்கு இரண்டு மேடுகள் வரும். போல்ட்டின் மேடு 55ஐச் சுற்றி, பெல்ட்டின் மேடு 205ஐச் சுற்றி என்று வைத்துக்கொள்வோம். படத்தில் 20 விழுக்காடு போல்ட், 80 விழுக்காடு பெல்ட். இப்போது எங்கே வெட்டுவது? ஒட்சு சொன்ன அளவுகோல் எளிமையானது. வெட்டியதும் கிடைக்கும் இரண்டு கூட்டங்களின் பங்குகளைப் பெருக்கு; அவற்றின் சராசரி வெளிச்சங்களுக்கு இடையிலான வேறுபாட்டை வர்க்கப்படுத்தி அதனோடு பெருக்கு; வரும் விடை எங்கே மிகப் பெரிதோ அங்கே வெட்டு.

இரு மேடுகளுக்கும் நடுவே வெட்டினால் 0.2, 0.8, 150இன் வர்க்கம் மூன்றும் பெருகி 3,600 வருகிறது. தவறிப்போய்ப் பெல்ட்டின் மேட்டையே பாதியாக, 205இல் பிளந்தால்? இருண்ட பாதிப் பெல்ட், போல்ட்டோடு சேர்ந்து 60 விழுக்காடு ஆகிவிடும். அந்தக் கூட்டத்தின் சராசரி 150க்குப் போய்விடும். மீதிப் பாதியின் சராசரி 213 என்று வைத்தால், விடை 950 அளவில் நின்றுவிடுகிறது. கணினி ஒவ்வொரு எல்லையாக வைத்துப் பார்த்து, 3,600 வரும் இடத்தைக் கண் இமைப்பதற்குள் பிடித்துவிடும். வெயில் சாய்ந்து முழுப் படமும் மங்கினாலும் இரண்டு மேடுகளும் சேர்ந்தே நகர்வதால், எல்லையும் கூடவே நகர்ந்துகொள்ளும்.

இந்த முறைக்குள் ஒரு குருட்டுத்தன்மை இருக்கிறது. அது 'இங்கே ஒன்றுமில்லை' என்று ஒருபோதும் சொல்லாது. வெறும் பெல்ட்டைக் காட்டினாலும், பெல்ட்டின் வெளிச்ச ஏற்ற இறக்கத்தையே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பொருள் என்று நீட்டும். தேடும் பொருள் மிகச் சிறியதாக, படத்தில் நூற்றில் ஒரு பங்கான கீறலாக இருந்தால், பங்குகளின் பெருக்கம் மிகச் சின்னதாகி, வெட்டு வேறெங்கோ விழும். கணக்கு சரியாகவே நடக்கும். ஆனால் கேட்ட கேள்வி 'பொருள் எங்கே' என்பதல்ல, 'வெளிச்சம் எங்கே இரண்டாகப் பிரிகிறது' என்பது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைப்பதுதான் அதற்குப் பின் வந்த முயற்சிகள் எல்லாவற்றின் வேலையும்.

எல்லை மதிப்பின் தொல்லையை நம் ஊர் அரிசி ஆலைகள் நன்றாகவே அறியும். அரிசி மூட்டைகளில் அச்சிட்டிருக்கும் 'சார்டெக்ஸ்', பிரிட்டனில் தொடங்கிய ஒரு நிறம் பிரிக்கும் இயந்திரத்தின் பெயர். இப்போது அந்த நிறுவனம் சுவிட்சர்லாந்தின் பூலர் குழுமத்தைச் சேர்ந்தது. சரிவில் வழுக்கி விழும் ஒவ்வொரு அரிசியையும் அதன் கேமராக்கள் பார்க்கின்றன; கறுப்போ பழுப்போ தெரிந்தால், விழுந்துகொண்டிருக்கும்போதே காற்றை ஊதி அந்த அரிசியை மட்டும் விலக்குகின்றன. பச்சரிசிக்கு வைத்த செட்டிங்கோடு புழுங்கல் அரிசியை விட்டால், புழுங்கலுக்கு இயல்பான மஞ்சளையே குறை என்று எடுத்து நல்ல அரிசியை அள்ளி வீசும். அதனால் லாட் மாறும்போதெல்லாம் ஆபரேட்டர் திரை முன் நின்று, எது இந்த லாட்டின் இயல்பு, எது குறை என்று கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார். அவருடைய அந்தத் தீர்ப்பை மதிக்க வேண்டும். அவர் விரல் நோக எண்களைத் தேட வேண்டியதில்லை.

எல்லை கிடைத்துவிட்டால் படம் வெறும் கறுப்பும் வெள்ளையும் ஆகிவிடும். பிறகு ஒட்டிக்கிடக்கும் கரும்புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு திட்டுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். 1966இல் அஸ்ரியல் ரோசன்ஃபெல்டும் ஜான் ஃபால்ட்ஸும் இதற்கு வழி எழுதிவைத்தார்கள். படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்துக்கொண்டு போ. கரும்புள்ளி வந்தால், ஏற்கனவே எண் பெற்ற பக்கத்துப் புள்ளியின் எண்ணையே கொடு. பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் புது எண் கொடு. இரண்டு எண்கள் ஓரிடத்தில் வந்து முட்டினால் இரண்டும் ஒன்றே என்று குறித்துக்கொள். முடித்ததும் படத்தில் எத்தனை திட்டுகள், ஒவ்வொன்றும் எங்கே, எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நடுவில் எத்தனை ஓட்டை என்பதெல்லாம் எண்களாகக் கிடைத்துவிடும்.

1970களில் கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் ஜெரால்ட் ஏகினும் அவருடைய சகாக்களும் இதை வைத்து ஒன்று செய்தார்கள். நான் இந்தத் துறையில் மிகவும் மதிக்கும் வேலை அது. அவர்களுடைய பார்வைக் கருவிக்கு நிரல் எழுதத் தேவையில்லை. உருப்படியைக் கேமராவின் கீழ் வைத்து, சற்றுத் திருப்பி, இடம் மாற்றிச் சில முறை காட்டினால் போதும். ஒவ்வொரு முறையும் திட்டின் பரப்பு, சுற்றளவு, ஓட்டைகள் முதலானவற்றை அளந்து, சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் அது குறித்துக்கொள்ளும். பிறகு புதிதாக ஒன்று வந்தால், குறித்து வைத்தவற்றில் எதற்கு மிக அருகில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும். 'காட்டிக் கற்பித்தல்' என்ற இந்த எண்ணத்துக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. இன்று புதுமை என்று விற்கப்படும் பல அமைப்புகளின் அடி இதில் இருக்கிறது.

அப்படியானால் அப்போதே வேலை முடிந்திருக்க வேண்டுமே? முடியவில்லை. இரண்டு உருப்படிகள் ஒன்றையொன்று தொட்டால் அவை ஒரே திட்டாகிவிடும். உலோகம் பளபளத்தால் ஒரே உருப்படி மூன்று திட்டாக உடைந்துவிடும். கருத்த வார்ப்படம் கருத்த பெல்ட்டில் கிடந்தால் மேடு ஒன்றுதான். வெட்ட இடமே கிடையாது.

கடைசிச் சிக்கலுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் ஸ்டீவன் ஹாலண்ட், லோதர் ரொசோல், மிட்செல் வார்ட் மூவரும் கண்ட தீர்வு அருமையானது. கன்சைட் என்று அதற்குப் பெயர். பெல்ட்டின் குறுக்கே ஒரு மெல்லிய ஒளிக்கோட்டைச் சாய்வாக விழச்செய்தார்கள். கேமரா நேர் மேலிருந்து அந்தக் கோட்டை மட்டுமே பார்க்கும். பெல்ட் காலியாக இருந்தால் கோடு முழுதாகத் தெரியும். வார்ப்படம் வந்தால், அதன் உயரத்தால் ஒளி முன்னதாகவே அதன் மேல் பட்டு விலகிவிடும். கேமரா பார்க்கும் இடத்தில் கோடு அறுந்து கறுப்பாகும். பெல்ட் நகர நகர, அறுந்த இடங்களை அடுக்கினால் வார்ப்படத்தின் வடிவம் கிடைத்துவிடும். ஒரு பக்கத்து ஒளியால், வார்ப்படம் வந்து சேர்வதற்கு முன்பே நிழல் கோட்டை மறைத்துவிடும் என்பதால், எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு விளக்கையும் அதே கோட்டில் விழச்செய்தார்கள். நிறம் என்ன, அழுக்கு என்ன என்ற கேள்வியே இங்கு எழவில்லை. கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் பவுண்டரியில் இதை வேலைக்கு வைத்தார்கள். பொருளைக் கண்டுபிடிக்கும் பாரத்தில் பாதியை வெளிச்சமே சுமந்துவிட்டது. இன்றும் புதிதாக ஒரு லைனை அமைப்பவர், மென்பொருளைத் திறக்கும் முன் விளக்கை நகர்த்திப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் விளக்கு நம் பேச்சைக் கேட்பதில்லை. அதனால் வடிவத்தின் ஓரங்களைப் பிடிக்கும் முறைகள் வந்தன. 1997இல் காக்னெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேட்மேக்ஸ், வெளிச்ச மதிப்புகளை விட்டுவிட்டு ஓரக்கோடுகளின் வடிவியலைத் தேடியது. உருப்படி சுழன்றாலும், பாதி மறைந்தாலும், வெளிச்சம் மாறினாலும் கண்டுபிடித்தது. தொழிற்சாலைகளில் அது பெரிய பாய்ச்சல். இருந்தும் தொடக்கத்தில் ஒருவர் மாதிரி உருப்படியைச் சுற்றிக் கட்டம் வரைந்து, 'இதுதான் நீ தேட வேண்டியது' என்று காட்டியாக வேண்டியிருந்தது. அந்தக் கட்டம் மட்டும் மனிதர் கையை விட்டுப் போகவே இல்லை.

கட்டத்தை யார் வரைவது என்பதை நேரடியாகக் கேள்வியாக்கியது 2010இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. சூரிக்கில் பணிபுரிந்த போக்டான் அலெக்ஸே, தாமஸ் டெசலேர்ஸ், விட்டோரியோ ஃபெராரி மூவரும் அதற்கு 'பொருள் என்பது என்ன?' என்று தலைப்பிட்டார்கள். நாற்காலியா நாயா என்று பெயர் தெரிய வேண்டாம். படத்தின் ஒரு பகுதி பொருளாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் அளக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. மூடிய எல்லைக்கோடு உண்டா, சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டு நிற்கிறதா, படத்தில் தனித்துத் தெரிகிறதா என்பவற்றை அடையாளங்களாக எடுத்தார்கள். அதே காலத்தில் வந்த வேறு முறைகள் ஒரு படத்துக்குச் சுமார் 2,000 பகுதிகளைப் 'பொருளாக இருக்கலாம்' என்று பரிந்துரைத்தன. 2014இல் ராஸ் கிர்ஷிக்கும் சகாக்களும் அந்த 2,000 பகுதிகளையும் நரம்பு வலையமைப்பிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து இனம்காணச் செய்தபோது, படத்தில் பொருள் தேடும் கலை அடியோடு மாறியது.

தொழிற்சாலைக்கு அதனால் உடனே பயன் வந்துவிடவில்லை. அப்படிப்பட்ட வலையமைப்புகளைப் பயிற்றப் பயன்பட்ட கோகோ என்ற புகழ்பெற்ற படத்தொகுப்பில் 80 வகைப் பொருள்கள்: மனிதர், மிதிவண்டி, வாழைப்பழம், ஒட்டகச்சிவிங்கி. கியர் சக்கரமும் இல்லை, மாத்திரை அட்டையும் இல்லை, பாட்டில் மூடியும் இல்லை. வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான படங்களில் மூடியைச் சுற்றி நீங்களே கட்டம் வரைந்து பயிற்ற வேண்டும். ஒரு கட்டம் வரைந்துகொண்டிருந்தவரை ஆயிரம் கட்டம் வரையச் சொன்னதுதான் மிச்சம்.

2023 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் வெளியிட்ட 'செக்மென்ட் எனிதிங்' என்ற கணினி மாதிரி இந்த முடிச்சை அவிழ்த்தது. அதற்காகத் திரட்டிய தொகுப்பில் 1 கோடியே 10 லட்சம் படங்கள், அவற்றில் 110 கோடிக்கு மேற்பட்ட பொருள் உருவரைகள். இத்தனையையும் மனிதர் வரையவில்லை. முதலில் மனிதர் வரைந்தார்கள், இயந்திரம் உதவியது. அடுத்து இயந்திரம் வரைந்தது, விட்டுப்போனதை மனிதர் நிரப்பினார்கள். கடைசியில் இயந்திரமே தனியாக வரைந்தது. தொகுப்பின் 99 விழுக்காட்டுக்கு மேல் இந்தக் கடைசிக் கட்டத்தில் வந்தவை. அந்த மாதிரி செய்யும் வேலை பார்க்க எளிது. படத்தின் மேல் 32க்கு 32 என்று புள்ளிகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு புள்ளியிலும் 'இந்தப் புள்ளி எந்தப் பொருளுக்குள் இருக்கிறது?' என்று கேட்கிறது. வந்த விடைகளில் ஒன்றின் மேல் ஒன்று விழுபவற்றைக் கழித்தால், படத்தில் இருக்கும் பொருள்கள் எல்லாம் தனித்தனி உருவரைகளாக வந்து நிற்கின்றன. எதற்கும் பெயர் கிடையாது. கியர் சக்கரத்தை முன்பின் பார்த்திராவிட்டாலும், அது தனியான ஒன்று என்று அதற்குத் தெரிகிறது. தொழிற்சாலைக்குத் தேவையும் அதுதான். பெயர் நமக்கே தெரியுமே.

இந்த மாதிரியின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு புள்ளிக்கு அது ஒரு விடைக்குப் பதில் மூன்று விடை தருகிறது என்பது. முழுப்பொருள், அதன் உறுப்பு, உறுப்பின் உறுப்பு. ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் எது? பெட்டியில் அடுக்குபவருக்கு அட்டை. எல்லாக் குழியும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பவருக்கு ஒவ்வொரு குழியும். மாத்திரை அழுத்தும் பிரிவுக்கு ஓரம் உடைந்த ஒரே மாத்திரை. படம் ஒன்றுதான்; பதில் படத்துக்குள் இல்லை, அந்தப் பிரிவின் வேலையில் இருக்கிறது. எவ்வளவு பெரிய மாதிரியும் இதை ஊகித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மூன்றையும் காட்டிவிட்டு மனிதரின் விரலுக்காகக் காத்திருப்பதே சரி.

அந்த ஒரு தொடுதல் கிடைத்தால் அதிலிருந்து எவ்வளவோ தானாக வந்துவிடும். ஒரு மாத்திரையைத் தொட்டதும், உருவிலும் தோற்றத்திலும் அதைப் போன்றவற்றை மென்பொருள் திரட்டிக்கொள்ளும். அவை எங்கே கிடக்கின்றன என்பதிலிருந்து தேட வேண்டிய பகுதி முடிவாகும். படம் முழுமைக்கும் சராசரி எடுக்காமல், பொருளின் மேல் விழும் வெளிச்சத்தை மட்டும் பார்த்துக் கேமராவின் திறப்பு நேரத்தை வைக்கலாம். அந்த நேரம் லேசான விஷயமல்ல. பெல்ட் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது, கேமரா ஒரு மில்லிநொடி திறந்திருக்கிறது என்றால் அதற்குள் பொருள் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 200 மில்லிமீட்டர் அகலத்தை 2,000 பிக்சலில் பார்க்கும் கேமராவில் அது ஐந்து பிக்சல் கலங்கல். அரை மில்லிமீட்டர் விரிசலைத் தேடுபவருக்கு அந்தக் கலங்கலில் எல்லாம் போய்விடும். பொருள் எங்கே என்று தெரிந்த மென்பொருள், இதைக் கணக்கிட்டு 'திறப்பைக் குறை, விளக்கைக் கூட்டு' என்று முன்கூட்டியே எச்சரிக்கலாம். அனுபவசாலி ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்த யோசனை அது.

சகிப்பு அளவையும் இப்படியே எடுக்க முடியும். இங்கேதான் அவசரம் ஆபத்து. நல்ல மாத்திரைகளை அளந்து, சராசரியிலிருந்து இரு பக்கமும் மூன்று திட்டவிலக்கம் வரை ஏற்றுக்கொள் என்று மென்பொருள் வைத்துக்கொள்ளும். அளவுகள் இயல்பான பரவலில் இருந்தாலும், இதில் 1,000க்குச் சுமார் 3 நல்ல மாத்திரைகள் வெளியே தள்ளப்படும். ஒரு ஷிஃப்டில் 1 லட்சம் மாத்திரை ஓடினால் 270 நல்லவை ரிஜெக்ட் பெட்டியில். அதைவிட மோசம், மாதிரி எல்லாம் ஒரே பேட்ச்சிலிருந்து எடுத்தவையாக இருந்தால் பரவல் உண்மையைவிடக் குறுகலாகத் தெரியும். நாளை வரும் பேட்ச் முழுதுமே குறையுள்ளது என்று கேமரா கத்தும். லைனை நிறுத்திப் பார்த்தால் மாத்திரையில் பழுதே இருக்காது. இப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாம் முறை யாரும் கேமராவை நம்பமாட்டார்கள், அணைத்துவிடுவார்கள்.

குறையைத் தேடுவது பொருளைத் தேடுவதைவிடக் கடினம். குறைகள் அரிதாக வரும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வரும். மியூனிக்கின் எம்விடெக் நிறுவனம் 2019இல் வெளியிட்ட சோதனைப் படத்தொகுப்பு இதை நேர்மையாக ஏற்றுக்கொண்டு அமைந்தது. பாட்டில், கேபிள், திருகு, ஜிப், மரம், தோல் என்று 15 வகை, 5,354 படங்கள். பயிற்சிக்குக் கொடுப்பது நல்லவற்றின் படங்கள் மட்டும். குறை எப்படி இருக்கும் என்று காட்டாமலே, நல்லதைப் போல் இல்லாததைச் சுட்டிக்காட்டச் சொல்கிறது. இந்த வழியில் வந்த மென்பொருள்கள் இன்று நன்றாகவே வேலை செய்கின்றன. ஆயினும் வேறுபாடு வேறு, குறை வேறு. முலாம் பூச்சில் ஒரு நிறத் திரிபு வாங்குபவருக்குப் பொருட்டே இல்லாமல் இருக்கலாம். கண்ணுக்கே தெரியாத விரிசல் பிரேக்கை முறித்துவிடலாம். எது வெறும் வேறுபாடு, எது குறை என்பது அந்த உருப்படி எங்கே போய் மாட்டப்படும் என்பதை அறிந்தவருக்குத்தான் தெரியும்.

கண்ணாடியும் தெளிந்த பிளாஸ்டிக்கும் இன்னும் தண்ணி காட்டுகின்றன. தெளிந்த பாட்டிலுக்குத் தன் நிறம் என்று ஒன்றில்லை. அதன் வழியே தெரியும் பின்னணியைத்தான் கேமரா பார்க்கிறது. பெரிய மாதிரிகளும் பின்னணியின் ஓரத்தைப் பாட்டிலின் ஓரமாக எண்ணிக் குழம்புகின்றன. பின்னாலிருந்து சீரான ஒளி, அல்லது இருபுறமும் போலரைசர் வைத்துப் பிளாஸ்டிக்கின் உள் அழுத்தத்தை வண்ணப் பட்டைகளாக வெளிக்கொணர்வது என்று மறுபடி விளக்கின் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே தானியங்கி அமைப்பை வாங்க நினைக்கும் பட்டறைக்காரருக்கு நான் சொல்வது இது. விற்பவர் கொண்டுவரும் மாதிரிப் படங்களில் அது எத்தனை பொருளைக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் லைனில் பல மாதமாகத் தள்ளப்பட்ட உருப்படிகளை, தள்ளிய காரணத்தை எழுதி ஒட்டி, ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். வெவ்வேறு பேட்ச்சுகளிலிருந்து நல்லவற்றையும் கலந்துகொள்ளுங்கள். புது அமைப்பைக் காலை வெளிச்சத்திலும் இரவு ஷிஃப்டிலும் அந்தப் பெட்டியின் மேல் ஓட்டிப்பாருங்கள். விட்டுவிட்டது எத்தனை, வீணாகத் தள்ளியது எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். பிறகு லைனில் வேலை செய்பவரிடமே கொடுத்து, புதிதாக ஓர் உருப்படியை அவராக, யார் உதவியும் இல்லாமல், அமைக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறாரோ, அந்த இடத்தை விற்பவரைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.